மாதி கட்டின கயிறு

மேகம் வந்து முட்டிக்கிட்டு நிக்கிற மலை ஒண்ணு. மலைக்கு ஒரே ஒரு ஊரு, ஊருக்கு ஒரே ஒரு சுனை, சுனைக்கரையில ஒரே ஒரு தேவதாரு மரம். இலையெல்லாம் ஊசி ஊசியா இருக்கும். அதுக்கடியில குடிசை போட்டுக்கிட்டு, மாதின்னு ஒருத்தி ஒத்தை ஆட்டோட இருந்தா.

மாதிக்கு முடிச்சுப் போடத் தெரியாதுன்னு ஊரே சிரிக்கும். ஆட்டை அந்த மரத்துலதான் கட்டுவா. பனி கொட்டுற மாசம் கயிறு தொளதொளன்னு இறங்கி ஆட்டுக் கால்ல சிக்கிக்கும். பனி உருகுற மாசம் கயிறு மரத்தைக் கவ்விக்கும், பல்லால கடிச்சாலும் அவிழாது. வெயில் மாசம்தான் பெரிய கூத்து: விடியல்ல இறுக்கம், உச்சியில தொளதொள.

"ஏ மாதி, கயிறு கட்டுனியா, கொலுசு மாட்டுனியா?" ன்னு ஊரு கேலி பண்ணும்.

அப்ப ஒரு கோடையில, தினம் உச்சியானா சுனை வத்திப்போச்சு. தண்ணி மணியக்காரன் குருவப்பன் ராஜாகிட்ட ஓடினான். "இந்த மரம்தான் ராஜா! உச்சி வெயில்ல நூறு குடம் உறிஞ்சுது. பாருங்க, எல்லாம் காஞ்சு கிடக்கு, இது மட்டும் பச்சையா நிக்குது!"

"வெட்டுங்கடா," ன்னாரு ராஜா.

கோடாலி வந்துடுச்சு! மாதி ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கிட்டா. "ராஜா, உச்சியில இது வாயை மூடிக்கும்!"

"மரத்துக்கு ஏது வாய்?"

"ஊசி ஒவ்வொண்ணும் வாய்தான். பனியில தண்ணி கல்லாக் கிடக்கு, குடிக்க முடியாம ஒடுங்கும். உருகினா குடிச்சுக் குடிச்சுப் பெருக்கும். கோடையில ராத்திரி குடிச்சு வச்சுக்கிட்டு, உச்சியில வாயை மூடி, இருக்கிறதை வச்சே சமாளிச்சு உடம்பு ஒடுங்கும். என் கயித்தைக் கேளுங்க!"

"நாளைக்கு உச்சி வரைக்கும் தவணை. பொய்யின்னா மரமும் இல்ல, நீயும் இந்த மலையில இல்ல."

மறுநாள் விடியல்ல ராஜாவே மரத்துல கயிறு கட்டினாரு. புல்லு நுழைய இடமில்ல. வெயில் ஏற ஏற ஒரு விரல் நுழைஞ்சுது, அப்புறம் ரெண்டு விரல், அப்புறம் கையே நுழைஞ்சுது. உச்சியில கயிறு சரசரன்னு இறங்கிடுச்சு! அதே நேரம் சுனையும் வத்திடுச்சு!

"மரம் குடிக்கல. அப்ப குடிச்சது யாரு?" ன்னாரு ராஜா.

தாகத்துல நின்ன ஆடு மூக்கைத் தூக்கி மோந்துச்சு, ஒரே ஓட்டம் எடுத்துச்சு. ஆட்டுக்குப் பின்னால மாதி, மாதிக்குப் பின்னால ராஜா, ராஜாவுக்குப் பின்னால ஊரு. பாறைக்குப் பின்னாடி ஒரு கள்ள வாய்க்கா! அது குருவப்பன் தோட்டத்துக்குப் போகுது. அவரைக்கொடி குளுகுளுன்னு நிக்குது.

"அது... நேத்து பேஞ்ச மழை, ராஜா."

"உன் தோட்டத்துல மட்டுமா பேஞ்சுது? மாதி, இவனை உன் மரத்துல கட்டு!"

வாய்க்காலை அடைச்சாங்க, சுனை ஊற ஆரம்பிச்சுது. மாதி அவனை உச்சி வெயில்ல தொளதொளன்னு கட்டினா. குருவப்பனுக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. 'முடிச்சுப் போடத் தெரியாதவ! ஊர் அடங்கட்டும், நழுவிடலாம்.' நினைச்சவன் அப்படியே தூங்கிட்டான்.

மரம் தூங்கல. ராவெல்லாம் குடிச்சுது.

விடிஞ்சா கயிறு அவன் தொப்பையைக் கவ்விப் பிடிச்சிருக்கு! "ஐயோ, மரம் குடிக்குது! மரம் குடிக்குது!" ன்னு கத்துறான். ஊரே குடத்தோட வந்து சுத்தி நின்னுச்சு.

மாதி ஆட்டைத் தடவிக்கிட்டே சொன்னா: "இப்பத்தான் அண்ணே நீ நெசம் பேசுற."

சுனையும் நிறைஞ்சுது, குடமும் நிறைஞ்சுது, என் கதையும் நிறைஞ்சுது.