ஆனைக்கல்லுக்கு யாரைக் கேட்டுப் போவது

“ஆனைக்கல் மலையில முகாம் போட ஐந்நூறு பேருக்கு மருந்து கொண்டுபோனோம். பதினேழு பேர்தான் வந்தாங்க” என்றார் ஆளவந்தான்.

தில்லைநாயகி கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஆளவந்தான் நகரத்தில் முப்பது வருடம் பேர் வாங்கிய டாக்டர். அதை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் சின்ன வைத்தியசாலை நடத்தும் தில்லைநாயகியிடம் வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் என்றாலும், அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

“வந்த பதினேழு பேர்ல நாலு பேருக்குக் காசநோய். அப்போ ஊருக்குள்ள எத்தனை பேரோ. மறுபடி போகத்தான் போறேன்மா. இந்தத் தடவை யார் யாரைக் கலந்துக்கணும்னு முதல்லயே எழுதிட்டேன்.”

வாசித்தார். கலெக்டர் ஆபீஸ், வனத்துறை, ஊராட்சித் தலைவர், ஆரம்ப சுகாதார நிலையம், மருந்து தரும் அறக்கட்டளை, வேன் தரும் கல்லூரி.

“யாராவது விட்டுப்போச்சா?”

“ஆனைக்கல்லில் மருதின்னு ஒருத்தி இருக்கா. ஆறு மாசமா இருமறாளாம். இங்கே கூட்டிட்டு வாங்க.”

“நான் கேட்டது முகாமைப் பத்தி.”

“அவ ஒருத்தியை மட்டும்” என்றார் தில்லைநாயகி.

மறுநாள் காலையில் ஆளவந்தான் ஆற்றைக் கடந்து மலையேறினார்.

மருதியின் புருஷன் நஞ்சன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். மருதி உள்ளே அடுப்பருகே இருந்தாள்.

“எஸ்டேட்ல விட்டா கூட்டிட்டுப் போங்க” என்றான் நஞ்சன்.

தேயிலை எஸ்டேட் மேஸ்திரி, “அவளுக்குப் பதிலா ஒரு ஆள் கொழுந்து பறிக்கட்டும், விடறேன்” என்றார்.

நஞ்சனின் தங்கை ரங்கி ஒத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய ஆடுகளை யார் பார்ப்பது? ஆளவந்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நின்றார். அவர் யோசித்துச் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் கூடிவந்து, மருதியோடு ஆற்றங்கரைக்கு இறங்கினால், பரிசல்காரர் துடுப்பைத் தொடவில்லை. மருதியின் மணிக்கட்டைக் காட்டினார். கறுப்புக் கயிறு.

“மசணியம்மா கட்டினது. அமாவாசை வரைக்கும் தண்ணி தாண்டக் கூடாது. நான் மாட்டேன் சார்.”

மசணி அந்த ஊர் மருத்துவச்சி. ஆளவந்தான் திரும்ப மேலே ஏறினார். அவள் கதவைத் திறக்கவில்லை. அன்று மழை. கால்களில் அட்டை ஏறியது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் கதவு திறந்தது.

“போன தடவை என் வாசல் வழியாத்தான் பந்தல் போடப் போனீங்க. ஒரு வார்த்தை பேசலை.”

“பேசியிருக்கணும். தப்புதான்.”

மசணி அவருடைய கால்களைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து அட்டைகளின் மேல் தடவினாள்.

மறுநாள் அவளே ஆற்றுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தாள். பரிசல்காரர் துடுப்பை எடுத்தார்.

எட்டாம் நாள் மருதி வைத்தியசாலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தில்லைநாயகி அவளுடைய சளியைச் சோதனைக்கு எடுத்துவைத்தார். குடிக்கக் கஞ்சி கொடுத்தார்.

ஆளவந்தானால் நிற்க முடியவில்லை. ஆனாலும் முகம் தெளிவாக இருந்தது.

“புரிஞ்சுதும்மா. நஞ்சன், மேஸ்திரி, ரங்கி, பக்கத்து வீட்டுக்காரர், மசணியம்மா, பரிசல்காரர். இந்த ஆறு பேர்ல ஒருத்தரைக்கூட நான் எழுதலை. இவங்க சம்மதம் இல்லாம ஒரு ஆள்கூட மலையை விட்டு இறங்க முடியாது.”

“ஏழு பேர்” என்றார் தில்லைநாயகி.

ஆளவந்தான் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் ஆறுதான் வந்தது.

தில்லைநாயகி ஒரு முக்காலியை எடுத்துவந்து மருதிக்கு எதிரே போட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆளவந்தான் முக்காலியைப் பார்த்தார். மருதியைப் பார்த்தார். எட்டு நாளாக அவளைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியிருக்கிறார். அவளிடம் பேசிய ஞாபகம் இல்லை.

உட்கார்ந்தார்.

“மருதி, நாங்க மறுபடி மேலே வரணும்னு இருக்கோம். நீ என்ன சொல்றே?”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பந்தல் போடாதீங்க. பந்தலுக்கு வந்தா இருமல்காரின்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். அப்புறம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. வீட்டுக்கு வாங்க. எந்தெந்த வீடுன்னு நான் சொல்றேன்.”

“முதல்ல எந்த வீடு?”

“எங்க வீடுதான். அவரும் இருமறாரு. எட்டு நாளா உங்க முன்னாடி அடக்கிக்கிட்டுத்தான் பேசினாரு.”