சந்தனம் பூசிய கார்டு

பஸ் ஸ்டாண்டில் பஸ் நேரம் காட்டும் திரையை ஓட்டுவது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதன் மெமரி கார்டை மேலாளர் தண்டபாணி தினமும் சாயங்காலம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார், காலையில் கொண்டுவந்து செருகுவார்.

ஒருநாள் நகராட்சி ஆணையர் ஆய்வுக்கு வந்தார். தண்டபாணி சுவிட்சை அணைத்து, கார்டைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். "இது இல்லாம மிஷின் மூச்சு விடாது சார். இதைப் பார்த்துக்க இந்தத் தற்காலிகப் பொண்ணு செல்லக்கனி எதுக்கு? வேணும்னா கார்டு இல்லாம ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. முடியலைன்னா வேலையை விட்டு நிறுத்திடுவோம்."

செல்லக்கனி சுவிட்சைப் போட்டாள். மதுரை பஸ் பத்தரைக்கு என்றது திரை.

தண்டபாணி கையிலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு நீங்க சந்தனம் பூசினீங்களே, அன்னிக்கே கார்டு செத்துப்போச்சு சார். மேசைக்கடியில ஹார்ட் டிஸ்க் வெச்சு, ஒரு மாசமா அதுலேர்ந்துதான் ஓட்டறேன்" என்றாள் செல்லக்கனி.

"அப்போ இவர் காலையில என்னதான் செய்யறார்?" என்றார் ஆணையர்.

"கார்டைச் செருகிக் கண்ணை மூடிக் கும்பிடுவார் சார். நான் சுவிட்சைப் போடுவேன்."