குளவியின் தாய்வீடு

அந்தக் காலத்தில், குளவிக்கும் மனுஷிக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, செம்மண் காட்டோரம் ஆவுடை என்றொருத்தி தன் புருஷன் வேலாண்டியோடு சேர்ந்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணம் ஆகிப் பல காலம் ஆயிற்று, வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைதான் வரவில்லை. வழியில் போகிறவர்களுக்கோ வாய் சும்மா இருக்காது. "ரெண்டு பேரு காலை நீட்டுறதுக்கு இம்புட்டுப் பெரிய வீடா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆவுடை சுவருக்குக் குழைக்கிற மண்ணை இன்னும் ஓங்கி மிதிப்பாள். தன்னை ஒரு குரல் "அம்மா" என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு நாள் அந்தச் சேற்றின் ஓரத்தில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. அப்போதெல்லாம் குளவிக்கு வீடு கிடையாது. மரப்பொந்திலும் இலை மடிப்பிலும் முட்டையிடும். பாதியை மழை கொண்டுபோகும், மீதியை எறும்பு கொண்டுபோகும்.

"அக்கா, போட்டதெல்லாம் போச்சு. வயித்துல இன்னும் ஒண்ணுதான் இருக்கு. எனக்கும் சுவர் வைக்கச் சொல்லித் தா," என்றது.

பெறாதவளிடம், பெற்றுப் பறிகொடுத்தவள் வந்து கேட்கிறாள். ஆவுடை மண் மிதிப்பதை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் குந்தினாள்.

"களிமண்ணாப் பாத்து எடு. கல்லு கிடந்தா வெடிச்சிரும். தண்ணி தொட்டு நல்லாக் குழை. ஒரு படை மண்ணு வச்சா, அது காயுற வரைக்கும் அடுத்த படை வைக்காத. ஈரத்து மேல ஈரத்தை வச்சா மொத்தமும் உக்காந்திரும்," என்றாள்.

இரண்டு வீடும் சேர்ந்தே வளர்ந்தன. கூரைக்குப் பனங்கை ஏற்றி ஓலை வேய்ந்து முடிக்கும்போது, உள்சுவரில் விட்டத்துக்குக் கீழே குளவியும் தன் வீட்டை முடித்திருந்தது. முட்டையை இட்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறாகப் பச்சைப் புழுக்களையும் உள்ளே வைத்தது. வாசலை அடைக்கும் முன் ஆவுடையைக் கூப்பிட்டது.

"இதை அடைச்சா என் ஆயுசு முடிஞ்சுதுக்கா. பிள்ளை முகம் பாக்க எனக்குக் கொடுத்துவைக்கல. அது வெளிய வந்ததும், 'இது உன்னைப் பெத்தவ கட்டின வீடு'ன்னு மட்டும் சொல்லிரு."

"சத்தியமாச் சொல்லுதேன்," என்றாள் ஆவுடை.

குளவி பறந்து போயிற்று. பிறகு வரவேயில்லை.

சுவருக்கு மண்பூச்சுப் பூச வந்த வேலாண்டி அந்தக் கூட்டைத் தட்டிவிடக் கையை ஓங்கினான்.

"தொடாதீங்க! உள்ள பிள்ளை இருக்கு!" என்று கத்தினாள் ஆவுடை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கூட்டைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனான். சுவரெல்லாம் வழவழவென்று இருக்க, அந்த இடத்தில் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தினமும் அதில் காதை வைத்துக் கேட்டாள்.

ஒரு காலையில் உள்ளே சுரண்டுகிற சத்தம். மண் உதிர்ந்தது. சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. எதிரே தெரிந்த முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றது.

சொல்ல வேண்டியது ஆவுடைக்கு நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் எத்தனை காலம் ஏங்கிய சொல்! அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா, என் கண்ணு," என்றாள்.

இறகு உலர்ந்ததும் பிள்ளை காட்டுக்குப் பறந்துவிட்டது. அதன்பின் எந்த ரீங்காரம் கேட்டாலும் ஆவுடை வாசலுக்கு ஓடுவாள். பிள்ளையும் போயிற்று, கொடுத்த வாக்கும் போயிற்று என்று தனக்குள்ளே அழுவாள். "காட்டுக்குப் போன குளவி திரும்பியா வரும்? வா, சாப்பிடு," என்பான் வேலாண்டி.

மழைக்காலம் கழிந்து ஒரு நாள், வயிறு கனத்த குளவி ஒன்று வாயில் மண்ணுருண்டையோடு வீட்டுக்குள் வந்தது.

"அம்மா, தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வராம வேற எங்க போவேன்?"

ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் மண் குழைத்தாள். பக்கத்திலேயே நின்று படை படையாகச் சொல்லிக்கொடுத்தாள். வாசலை அடைக்கும் நேரம் வந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"மகளே, உன்கிட்ட நான் ஒண்ணு மறைச்சிட்டேன்..."

"தெரியும்மா," என்றது குளவி. "எங்க இனத்துல யாரும் பெத்தவ முகத்தைப் பாத்தது கிடையாது. நான் வெளிய வந்தப்ப நீ இருந்த. என் பிள்ளை வர்றப்பவும் இரு. அது உன்னைக் கூப்பிட்டா, எனக்குச் சொன்னதையே சொல்லு."

வாசலை அடைத்துவிட்டு அதுவும் பறந்து போயிற்று.

அன்று முதல்தான், காட்டில் ஆயிரம் மரம் இருந்தாலும் சூல்கொண்ட குளவி நம் வீடு தேடி வந்து சுவரில் மண்கூடு கட்டுகிறது, யாராவது அதை இடிக்கப் போனால், "பிள்ளை பெற வந்தவளை விரட்டுவாங்களா?" என்று வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்துத் தடுக்கிறார்கள்.