மூன்று கோடுகள்

மழைப் பதிவேட்டில் மூன்று நாளுக்குக் கோடு விழுந்திருந்தது. ஆகஸ்ட் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மழை இல்லாவிட்டால் பூஜ்யம் போட வேண்டும். கோடு போட்டால் யாரும் போய் அளக்கவில்லை என்று அர்த்தம்.

நிதி விண்ணப்பம் மறுநாள் தேயிலைத் தோட்டத்து ஜீப்பில் போயாக வேண்டும். பணம் வராவிட்டால் மார்ச்சோடு மலைமேல் இருக்கும் ஆய்வு நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். கூரை ஒழுகுகிறது, பேட்டரி செத்துவிட்டது. விண்ணப்பத்திலோ ஒரு கட்டம்: பதிவில் இடைவெளி இருந்தால் காரணம் எழுதவும்.

தேவசகாயம் மூன்று வருடமாக அந்த மலையில் தனியாக இருக்கிறார். வங்கி வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியை வசுமதியிடம் ஆராய்ச்சி படிக்க வந்தவர். அவளைவிட ஆறு வயது பெரியவர். கீழே கல்லூரியில் அவருக்கு ‘தாத்தா ஸ்டூடண்ட்’ என்று பேர்.

நிலையத்தைத் தொடங்கியதே வசுமதிதான். முதல் பதினைந்து வருடம் அவளே அங்கே இருந்தாள். அன்று கையெழுத்துப் போட ஏறி வந்திருந்தாள்.

தோட்டத்திலும் மழைமானி இருக்கிறது, அந்த மூன்று நாள் கணக்கை வாங்கி எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார் தேவசகாயம். வசுமதி கட்டிலிலிருந்து எழுந்து வெளியே மழைமானி வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தாள்.

“முப்பத்தெட்டே காலடிதான் இருக்கு. ஏன் போகலை?”

“காய்ச்சல், மேடம். எந்திரிக்க முடியலை.”

“யாரையாவது கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன்.”

“யாரை?”

அவர் பதிவேட்டை மூடினார். “பேரு எதுவும் வரலை. சும்மா கூப்பிட்டேன்.”

அவள் விண்ணப்பத்தை எடுத்து அவருடைய பட்டியலைப் படித்தாள். சோலார் தகடு, தானாக அளக்கும் மழைமானி, செயற்கைக்கோள் இணையம், புதுக் கூரை.

“இதுல எது எந்திரிச்சு வந்து உங்களுக்குத் தண்ணி குடுக்கும், சகாயம்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“கோட்டை அப்படியே விடுங்க. காரணம்ங்கிற இடத்துல, கூப்பிட ஆள் இல்லைன்னு எழுதுங்க. பட்டியல்ல முதல்ல இன்னொரு ஆளுக்கு ஒரு ரூம், அவருக்குச் சம்பளம். மத்ததெல்லாம் அப்புறம்.”

“ஆராய்ச்சிக்குக் கேக்குற இடத்துல இதையா எழுதுறது? சிரிப்பாங்க மேடம். நீங்க இருந்த பதினஞ்சு வருஷத்துல ஒரு கோடு கூட இல்லையே.”

“எனக்கும் காய்ச்சல் வந்திருக்கு. தவழ்ந்து போய் அளந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. அதனாலதான் இங்க இன்னிக்கும் ஒரே கட்டில்.”

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பனி இறங்குவதற்குள் கிளம்பிவிட்டாள்.

கோடுகளை அவர் தொடவில்லை. காலையில் ஏழு கிலோமீட்டர் இறங்கிப் போய் விண்ணப்பத்தை ஜீப்பில் கொடுத்தார்.

மார்ச்சுக்குள் கேட்டதெல்லாம் கிடைத்தது. கோடுகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்து ஆட்கள் சாமான்களைச் சுமந்து வந்து மாட்டிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிப் போனார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் வளைவு தாண்டும் வரை தேவசகாயம் வாசலில் நின்றார்.

அடுத்த மாதம் வசுமதி பார்க்க வந்தாள். கூரையைப் பார்த்தாள். புது மழைமானியைப் பார்த்தாள். உள்ளே போய் அந்த ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“எழுதச் சொன்னேனே.”

தேவசகாயம் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அந்தக் கட்டத்தில் அவர் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருந்தார். கூப்பிட ஆள் இல்லை என்று எழுதவில்லை; பட்டியலில் இன்னொரு ஆளையும் சேர்க்கவில்லை.