சவேரியம்மாள் வைத்த விருந்து

கடற்கரை ஓட்டலில் உலகப் பணக்காரர்களின் பொருளாதார மாநாடு. பாதுகாப்புக்கென்று கரை நெடுகத் தகர வேலி அடித்துவிட்டார்கள். பக்கத்து மீனவர் குப்பத்துக்குப் பன்னிரண்டு நாளாக அலைச்சத்தம் மட்டும்தான் கேட்டது. கடலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஓட்டல் வாசலில் நின்று கோஷம் போட்டும் பலனில்லை.

கடைசியில் மாநாட்டுத் தலைவர் தேவநாதன் கேமராக்களுக்கு முன்னால் பெருமையாக அறிவித்தார். "நாங்கள் மக்களோடு பேசத் தயார். ஒருவர் மேடைக்கு வரலாம். ஆனால் குறை சொல்லக் கூடாது, எதையும் கேட்கவும் கூடாது."

மீன் விற்கும் சவேரியம்மாள் மேடை ஏறினாள்.

"ஐயா, எங்க ஊருக்கு வந்திருக்கீங்க. இன்னிக்கு எல்லாரும் எங்க குப்பத்துக்கு மீன் குழம்பு சாப்பிட வரணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அரங்கமே கைதட்டியது. தலைவர் பூரித்துப்போனார். "கட்டாயம் வருகிறோம் அம்மா! குழம்பு தயாரா?"

"புளி கரைச்சாச்சு, மசாலா அரைச்சாச்சு. மீனுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நீந்திக்கிட்டு இருக்கு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேமராக்கள் தலைவர் பக்கம் திரும்பின. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல், "வேலியைத் திறங்கள்" என்றார்.

படகுகள் இறங்கின. சவேரியம்மாள் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். முகத்தில் அலை அடிக்க அடிக்க, "எத்தன நாளாச்சு" என்று அழுதாள். மீன் வந்து, குழம்பு கொதித்து, விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகும் அவளைக் கரைக்குக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.