புலியின் இடது கை

அருவி விழும் ஊர் ஒன்றில், மூடிப்போன விளையாட்டு அரங்கிலிருந்து வந்த பொத்தானை அமுக்கினால் இருபுறக் கைகளும் பந்தைத் தட்டும் இரண்டு பின்பால் மிஷின்கள் பழைய சாமான் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றின் நெற்றியில் கப்பல் படம். புது பெயிண்ட், ஒரே பளபளப்பு. இன்னொன்றில் புலி. வெயிலில் வெளுத்துப் பூனையாகிவிட்ட புலி.

அன்று சாயங்காலம் இரும்பு லாரி வருவதாக இருந்தது. விற்காமல் நிற்பதை உடைத்து ஏற்றிவிடுவார்கள்.

மத்தியானம் முப்பிடாதி வந்தாள். அருவிப் பாதையில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவள். பஜ்ஜி வேகும்வரை பிள்ளைகள் அழாமல் இருக்க அவளுக்கு ஒரு மிஷின் வேண்டும்.

கப்பல் கிசுகிசுத்தது. "ஏல புலி, உன் இடது கைதான் பந்தைத் தட்டாம தூங்குமே. அவ பொத்தானை அமுக்குறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு தட்டு தட்டிரு. அவ வாங்கிட்டுப் போனபிறகு கை விழுந்தா விழட்டும்."

இரண்டு தட்டு தட்டப் புலிக்குத் தெம்பு இருந்தது. லாரியை நினைத்தால் நடுக்கமும் இருந்தது.

"அப்புறம் தினமும் அவ முகத்துல முழிக்கணுமேல" என்றது.

முப்பிடாதி புலியின் பொத்தானை அமுக்கினாள். வலது கை துள்ளியது. இடது கை அசையவில்லை. பந்து உருண்டு குழியில் விழுந்தது.

"அதை விடு தங்கச்சி, கப்பலைப் பாரு. விளக்கு எரியுது, பாட்டு வருது" என்றார் கடைக்காரர் சண்முகவேல்.

"ரெண்டையும் போட்டு வைங்க அண்ணாச்சி. கிரைண்டர் வாங்கினாலே ஒரு ஈடு மாவு ஆட்டிப் பாத்துத்தான் வாங்குவேன். சூடேறினாத்தான் பழைய மிஷின் உண்மை பேசும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கப்பல் இரண்டு கையாலும் பந்தைத் தட்டி ஜோராகப் பாடியது. அப்புறம் பாட்டு இழுத்தது. கருகல் வாடை வந்தது.

"பலகையைத் தூக்குங்க, வயித்தைப் பாப்போம்."

கப்பலின் வயிற்றில் பேட்டரி கசிந்து, வயரெல்லாம் பச்சை பூத்திருந்தது. புலியின் வயிற்றில் வயர்கள் சடை பின்னியது போல ஒழுங்காக, சுத்தமாகக் கிடந்தன.

"இந்தப் பூனையையே எடுத்துக்கிடுதேன்."

"அதுக்கு ஒரு கை வராதேம்மா!"

"வராதுன்னு நான் வந்ததுமே அதுவே சொல்லிட்டுதே! மறைக்கிறதைத்தான் வச்சுக்கிட்டு அழணும். ரெண்டும் ஒரே கம்பெனிதானே? கப்பலோட இடது கை நல்லாத் தட்டுது. அதைக் கழற்றி இதுல மாட்டிக் குடுங்க."

மறுநாள் பஜ்ஜிக் கடை வாசலில் ஒரே கூச்சல். பிள்ளைகள் பொத்தானை விடவேயில்லை.

புலியின் உடம்புக்குள் கப்பலின் கை மூச்சு வாங்கியது. "ஏல, கொஞ்சம் பொறு. நான் இந்த வீட்டுக்குப் புதுசு."

"இங்க யாருல புதுசு?" என்றது புலி. "பந்து வருது, தட்டு!"