வால்டர் கரடியின் குகையில் ஒரு மூலை

“முதல் தடவை கேட்டா வேண்டாம்னு சொல்லணும். அடுத்த தடவை லேசாச் சிரிக்கணும். அப்புறம்…”

அணில் பேச்சிமுத்துவின் பெரியப்பா விருந்துக்குக் கிளம்பும்போதெல்லாம் இப்படி ஏதோ சொல்வார். அப்புறம் என்ன என்பது பேச்சிமுத்துவுக்கு மறந்துவிட்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் தூங்கிப்போனவன், கண் விழித்தபோது அமெரிக்காவில் இருந்தான். குதித்து ஓடி ஒரு மேப்பிள் மரக்காட்டுக்குள் ஒண்டிக்கொண்டான்.

காட்டில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். எதிரே வந்த மான், “எப்படி இருக்கே?” என்று விசாரித்தது. பேச்சிமுத்து தன் வயிற்றுக் கோளாறில் தொடங்கி, ஊரில் நின்றுபோன சித்தப்பா மகள் கல்யாணம் வரைக்கும் விவரமாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். மான் அடுத்த மலையில் மேய்ந்துகொண்டிருந்தது.

கரடி வால்டர் மட்டும் நின்று பேசினார். பார்த்த நிமிஷமே பேச்சிமுத்துவைத் தன் உயிர் நண்பன் என்றார். தேன் குடிப்பதில் தான் உலகச் சாம்பியன் என்றும் சொன்னார். எந்தெந்த நாட்டுக் கரடிகள் போட்டிக்கு வந்தன என்று பேச்சிமுத்து கேட்டான். இந்த மூன்று மலைக் கரடிகளும் வந்ததாக வால்டர் பெருமையோடு சொன்னார்.

அவர் ஒரு வேளைக்குக் குவித்த பழம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கே போதும். தின்றது கரைய மலையைச் சுற்றி ஓடுவார். ஓடிய களைப்புக்கு மறுபடி தின்பார்.

“எடுத்துக்கோ” என்றார் ஒரு நாள்.

பேச்சிமுத்து சாப்பிட்டு ரொம்ப நேரமாகியிருந்தது. “இருக்கட்டும் அண்ணாச்சி, இப்பதான் சாப்பிட்டேன்” என்று வாலைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த உபசரிப்புக்குக் காத்திருந்தான்.

“சரி” என்று வால்டர் மிச்சத்தைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார். மறுநாளும் இதே கதைதான்.

பனிக்காலம் வந்தது. இன்று குகையை அடைத்துக்கொண்டு படுத்தால் வசந்தத்தில்தான் எழுந்திருப்பேன் என்றார் வால்டர். உள்ளே இடம் நிறைய இருக்கிறது, வருகிறாயா என்றும் கேட்டார்.

பேச்சிமுத்துவின் நெஞ்சு துள்ளியது. நாக்கு வேறு சொன்னது. “உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி வீண் சிரமம்?”

வால்டர் நெகிழ்ந்துவிட்டார். “நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். உன் முடிவை மதிக்கிறேன். இது சுதந்திரக் காடு!” என்று கட்டித் தழுவிவிட்டு, உள்ளே போய்ச் சருகை இழுத்து வாசலை அடைக்கத் தொடங்கினார்.

பேச்சிமுத்துவின் முதுகுக் கோடுகள் மேல் பனி விழுந்தது. உள்ளே கேட்கட்டும் என்று இருமினான்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன் அண்ணாச்சி.”

“பிரமாதம்!” இன்னொரு கை சருகு வந்து விழுந்தது.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஊரில் என்றால் இந்நேரம் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? ஆனால் வாசல் இடுக்கு ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. கால்கள் மரத்தன. இனி முறுக்கிக்கொண்டு நின்றால் விறைத்துச் சாக வேண்டியதுதான். மூக்கை உள்ளே நுழைத்தான்.

“அண்ணாச்சி, நான் சொன்னது பொய். குளிருது. பசிக்குது. எனக்கு இடம் வேணும்.”

சருகுச் சத்தம் நின்றது. “இதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“இன்னொரு தடவை கேப்பீங்கன்னு பாத்தேன்.”

“நீ வேண்டாம்னு சொன்னே. அதை நம்பாம மறுபடி கேட்டா, உன்னைப் பொய்யன்னு சொல்ற மாதிரி ஆகாதா?”

வால்டர் சருகை விலக்கி அவனை உள்ளே விட்டார். ஒரு மூலையைக் காட்டினார். உடனே நகத்தால் தரையில் ஒரு கோடும் கிழித்து, இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்றார். பிறகு ஒரு பிடி வால்நட்டை நீட்டி, வேண்டுமா என்று கேட்டார்.

தன் தேவையை வாய்விட்டுச் சொல்லாத மரியாதையும், அடுத்தவர் முகம் பார்த்து அறியாத சுதந்திரமும் ஓர் உயிரைப் பனியில் நிறுத்திக் கொன்றுவிடும்.

“வேணும்” என்றான் பேச்சிமுத்து.